அவசரம்: டிராவர்ஸ் மூடவில்லை, 28 மீட்டர் இடிக்கிறது

பாறைத்தடம்:
வணக்கம். காம்பஸும் டேப்பும் வைத்து ஒரு மூடிய டிராவர்ஸ் எடுத்தோம், அதாவது நிலையத்துக்கு நிலையம் திசையும் தூரமும் அளந்துகொண்டே போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினோம். வரைந்து பார்த்தால் கடைசிக் கோடு புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. 28 மீட்டர் வடக்கே போய் நிற்கிறது. கணக்கைச் சரிபார்த்தாயிற்று. திங்கட்கிழமை மேப் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்களேன்.

கருங்கல்:
எத்தனை நிலையங்கள், மொத்த நீளம் எவ்வளவு? காம்பஸ் 0-360 டயலா, 0-90 கால்வட்டமா? பேக் பேரிங், அதாவது கோட்டின் மறுமுனையில் நின்று திரும்பிப் பார்த்த திசை, எடுத்தீர்களா? 28 மீட்டர் என்பது 500-இலா 5000-இலா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

கட்டம்கட்டமாய்:
எக்செல்லில் போட்டிருந்தால் அதுதான் காரணம். சைன், காஸ் இரண்டும் ரேடியனைத்தான் கேட்கும், டிகிரியை அப்படியே கொடுத்தால் கன்னாபின்னாவென்று வரும். வடக்குக்குக் காஸ், கிழக்குக்குச் சைன். இதையும் நிறைய பேர் மாற்றிப் போடுகிறார்கள்.

ஏறுமுகம்:
எனக்கென்னவோ சரிவுதான் என்று படுகிறது. 20 டிகிரி சரிவில் தரையோடு 100 மீட்டர் டேப் பிடித்தால் மேப்பில் அது 94 மீட்டர்தான்.

பழைய சுத்தியல்:
வாரம் தவறாமல் இப்படி ஒரு கேள்வி வந்துவிடுகிறது. தம்பி, காந்த விலக்கம் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டதுண்டா? காந்த வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு. அதைத் திருத்தாமல் வரைந்தால் இப்படித்தான் வரும். முதலில் பாடத்தைப் படித்துவிட்டு வெளியே போக வேண்டும்.

கருங்கல்:
ஐயா, விலக்கம் எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவுதானே? படம் மொத்தமாகத் திரும்பிக்கொள்ளும், வாய் பிளக்காது. டேப் சீராக நீண்டிருந்தாலும் அப்படித்தான், படம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும், ஆனால் மூடிவிடும். மூடவில்லை என்றால் ஏதோ ஒரு கோட்டில் மட்டும் கோளாறு.

பழைய சுத்தியல்:
நான் பொதுவாகச் சொன்னேன்.

பாறைத்தடம்:
மன்னிக்கவும், நேற்று பார்க்க முடியவில்லை. 0-360 டயல். டேப்பை மட்டமாகத்தான் பிடித்தோம். எக்செல்லில் ரேடியன் சரி. ஃபோர் பேரிங், பேக் பேரிங், தூரம் இதோ:
1-2: 40, 220, 85 மீ
2-3: 85, 265, 110 மீ
3-4: 160, 354, 95 மீ
4-5: 262, 68, 120 மீ
5-1: 305, 125, 102 மீ

எளியவழி:
எதற்கு இவ்வளவு பாடு? பௌடிச் முறையில் 28 மீட்டரை நீளத்துக்குத் தக்கபடி பிரித்துப் போட்டால் படம் மூடிவிடும். சுபம்.

கருங்கல்:
வேண்டாம். அது அங்கங்கே சிதறிய சின்னப் பிழைகளுக்கு. இங்கே அப்படிச் செய்தால் ஒழுங்காக இருக்கும் 2-3 கோட்டின் தலையிலும் 6 மீட்டர் வந்து விழும்.

பட்டியலைப் பாருங்கள். ஃபோர், பேக் இரண்டுக்கும் 180 வித்தியாசம் இருக்க வேண்டும். மூன்று கோட்டில் சரியாக இருக்கிறது. 3-4, 4-5 இரண்டில் மட்டும் 194. இரண்டுக்கும் பொதுவானது 4-ஆம் நிலையம். 3-இல் நின்று எடுத்த 160 சரி, 5-இல் நின்று எடுத்த 68-உம் சரி. 4-இல் நின்று எடுத்தவை இரண்டுமே 14 டிகிரி கூட. 262-க்குப் பதிலாக 248 போட்டுப் பாருங்கள். 4-இல் என்ன பாறை?

பாறைத்தடம்:
அங்கே ஒரு கறுப்பு டோலரைட் டைக் (மற்றப் பாறையை ஊடுருவிச் சுவர் போல நிற்கும் பாறை) குறுக்கே போகிறது. அதன் உச்சியில்தான் நின்றோம்.

ஏறுமுகம்:
சுத்தியலைப் பக்கத்தில் வைத்திருந்தீர்களோ?

கருங்கல்:
இடுப்பில் தொங்கிய சுத்தியல் என்றால் எல்லா நிலையத்துக்கும் கூடவே வந்து எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். டோலரைட்டில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் உண்டு. மேட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் எப்போதாவது மின்னல் விழுந்திருந்தால் காந்தம் இன்னும் பலமாக ஏறியிருக்கும். அடி எடுத்து வைக்க வைக்க முள் திரும்புகிறதா என்று அங்கே நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வானத்துக்கண்:
கையில் போன் இருக்கும்போது காம்பஸை ஏன் தூக்குகிறார்களோ! ஜிபிஎஸ்ஸில் ஐந்து புள்ளி குத்தினால் முடிந்தது.

பழைய சுத்தியல்:
போனில் 5 மீட்டர் பிழை சாதாரணம். 1:500 மேப்பில் அது ஒரு சென்டிமீட்டர். டைக் அகலமே அவ்வளவு இருக்காது.

வானத்துக்கண்:
காம்பஸ் மட்டும் 28 மீட்டர் விட்டதே சார்?

பழைய சுத்தியல்:
காம்பஸ் விட்டது பேக் பேரிங்கில் தெரிந்துவிட்டது. உங்கள் போன் விட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

வானத்துக்கண்:
அதே புள்ளியில் மறுபடி நின்று குத்திப் பார்ப்பேன்.

பழைய சுத்தியல்:
மரத்தடியில் நின்றா?

பாறைத்தடம்:
248 போட்டேன். இடைவெளி 2 மீட்டருக்கு வந்துவிட்டது. அதைப் பௌடிச்சில் பிரித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி!

கருங்கல்:
512 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் காம்பஸுக்கு நல்ல அளவுதான். ஆனால் ஒன்று, 4-இல் ஸ்ட்ரைக், டிப் (பாறைத் தளம் ஓடும் திசை, அது சாயும் கோணம்) எடுத்தீர்களா? டிப்புக்குப் பாதகமில்லை, அதற்கு முள் வேண்டாம். ஸ்ட்ரைக்கும் கெட்டிருக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு 14-ஐக் கழிக்காதீர்கள். பேரிங் எடுக்கும்போது காம்பஸ் நெஞ்சு உயரத்தில் இருந்தது, ஸ்ட்ரைக்குக்கு அதைப் பாறைமேலேயே வைத்திருப்பீர்கள், அங்கே முள் வேறு அளவில் விலகும். டைக்கை விட்டு நன்றாகத் தள்ளி, ஸ்ட்ரைக் போகும் நேர்கோட்டில் நின்று குறிபார்த்து மறுபடி எடுங்கள். இதே டைக்கில் வேறெங்கும் அளவு எடுத்தீர்களா?

கட்டம்கட்டமாய்:
ஆள் போய்விட்டார் போல.

பழைய சுத்தியல்:
கோளாறு காந்தத்தில்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.