ஆமிப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? கொழும்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக்காரி:
போர்வீரர் நாளான மே 19 காலையில் எங்கள் ஒபிஸ் வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பத்தரமுல்லை நினைவுத்தூபியையோ, சீருடையோடு சேற்றில் நிற்கும் சிப்பாயையோ போட்டுவிடுவார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், சிங்கக்கொடி, "ரணவிருவன்ட ஜயவேவா" (போர்வீரருக்கு வெற்றி உண்டாகட்டும்). நானோ முதல் நாள் மாலை வெள்ளவத்தைக் கடற்கரையில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்திருப்பேன். பேசாமல் இருந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், யார் ஒன்றும் போடவில்லை என்பதையும் பார்க்கிறார்கள். போன வருடம் பக்கத்து மேசைக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நங்கி, நீ மட்டும் ஒன்றும் போடவில்லையே?" கெட்ட எண்ணம் இல்லை, அவளை எனக்குத் தெரியும். அவளுடைய தம்பி 2008இல் கிளிநொச்சிப் பக்கம் செத்தவன். பேர்ஸில் அவனுடைய படம் வைத்திருக்கிறாள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எடுத்தது. சீருடைப் படத்தை அவள் குழுவில் போட்டதே இல்லை.
உங்களுக்கு என்ன நடந்திருக்கிறது? சண்டை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
என்னுடையது கொஞ்சம் பகிடி. அம்மம்மா பேஸ்புக்கில் தமிழ்நாட்டுப் பக்கங்கள் நிறையப் பார்ப்பார். ஒருநாள் ஒரு சிப்பாய், கொட்டுகிற மழையில், கையில் கேக்கோடு: "இன்று என் பிறந்தநாள், யாருமே வாழ்த்தவில்லை." அம்மம்மா கண் கலங்கி "நூறாண்டு வாழ்க மகனே" என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். கேக் பிடித்த கையில் ஆறு விரல். நெஞ்சுப் பட்டியில் இருந்த எழுத்து தமிழுமில்லை, ஹிந்தியுமில்லை, எந்தப் பாஷையுமில்லை. மெழுகுதிரி மட்டும் அந்த மழையிலும் அணையவில்லை. கம்பியூட்டர் கீறின படம் என்றேன். "அப்ப இப்படி ஒரு பிள்ளையே இல்லையா?" இல்லை. "சரி, நனையாமல் இருந்தால் போதும்" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.
லைக் சேரச் சேர அந்தப் பக்கம் இன்னும் பலருக்குப் போகும், பிறகு அதிலேயே விளம்பரம் ஓடும். இது செயற்கை நுண்ணறிவோடு வந்த வியாபாரமும் இல்லை. பனியில் படுத்துறங்கும் ரஷ்யச் சிப்பாய்களின் படம் சியாச்சின் வீரர்கள் என்று எத்தனை வருடம் சுற்றியது! 2016 பெப்ரவரியில் உண்மையிலேயே சியாச்சின் பனிச்சரிவில் செத்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் பத்துப் பேர், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த முகங்கள் எங்கள் வீட்டுப் போனுக்கு ஒருநாளும் வரவில்லை.

சின்னக்கிளி:
சித்திக்குச் சீனி வருத்தத்தில் கால் எடுத்த பிறகு ஜெய்ப்பூர் கால் போடக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே அதே வாங்கில் ஒரு பழைய ஆமிக்காரர். முகமாலையில் மிதிவெடி. சித்தி யாழ்ப்பாணம், சிங்களம் அரைகுறை. முதலில் இருவரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.
புதுக் காலைப் போட்டதும் சித்திக்குச் செருப்பு மாட்ட வரவில்லை. அந்த ரப்பர் பாதத்தில் பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும், செருப்பு வார் அதற்குள் போகவேண்டும். சித்தி காலை உதறி உதறிப் பார்க்கிறார், செருப்பு பறக்கிறது. அந்த மனுசன் குனிந்து தன் பாட்டாவைக் கழற்றி, "அம்மே, இங்கே பாருங்கள்" என்று மெதுவாகத் திரும்ப மாட்டிக் காட்டினார். வாரைக் கையால் பிடித்து விரலிடுக்கில் விட்டு, பிறகுதான் குதியை அழுத்த வேண்டுமாம். அதற்குப் பிறகு வாங்கில் கதை நிற்கவில்லை.
போனில் ஒரு படம் காட்டினார். இளவயதில், சீருடையோடு, அவரேதான். யாரோ ஒரு பக்கத்தில் வருடா வருடம் "நாட்டுக்காக உயிர் தந்தவர்" என்று போடுகிறார்களாம். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் மோட்சம் கிடைக்கட்டும் என்று வேண்டியிருக்கிறார்கள். "இது நான், உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதினாராம். வீரரை அவமதிக்கும் போலிக் கணக்கு என்று அந்தப் பக்கத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.
2017இல் கோட்டையில் ஓய்வூதியம் கேட்டுப் போராடிய ஊனமுற்ற சிப்பாய்களோடு இவரும் இருந்தவர். 12 வருடச் சேவை முடியமுதல் காயப்பட்டு வெளியேறியவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடையாது என்பதுதான் அப்போது பிரச்சினை. அந்தப் போராட்டப் படங்களுக்கு இத்தனை கும்பிடு விழவில்லை என்றார்.

லொட்ஜ் வாசி:
எல்லாம் சரி. 2007 ஜூன் 7, கொழும்பு லொட்ஜில் படுத்திருந்த தமிழரான எங்களைப் பொலிஸ் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் திரும்பி வந்தேன். எனக்கு இந்தப் படங்களைக் கண்டால் கை லைக்குக்குப் போகாது. திட்டி எழுதவும் போகாது. பேஸ்புக்கில் போட்ட ஒரு படத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன பொடியன்கள் இருக்கிறார்கள்.

கோட்டைப் பழசு:
நம் ஊரில் எடுத்த ஆமிப் படங்களில் உலகம் சுற்றியது, 1987 ஜூலை 30 அணிவகுப்பில் கடற்படைச் சிப்பாய் துவக்கால் ராஜீவ் காந்தியை ஓங்கி அடிக்கும் படம்தான். சேன விதானகம எடுத்தது. ஜூலை வந்தால் திரும்பவும் மிதக்கும். ஒருவருக்கு அடித்தவன் வீரன், இன்னொருவருக்குத் துரோகி. நம்மாட்கள் இரண்டு பக்கமும் சேராமல் வேறு பழைய கதையைக் கிளறுவார்கள். பத்தரமுல்லையில் இந்திய அமைதிப்படைக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது, கிட்டத்தட்ட 1,200 பேர் செத்த படை. 2015இல் மோடி அங்கே மலர்வளையம் வைத்த படத்தின் கீழ் தமிழ்நாட்டுத் தம்பிகள் சல்யூட் அடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "1987 ஒக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி." அவ்வளவுதான். அந்தப் படையால் டொக்டர்மார், நர்ஸ்மார், நோயாளிகள் எல்லாம் சுடப்பட்ட நாள். அதற்கு ஒரு தம்பி சிரிக்கிற முகம் போட்டிருந்தான். தெரியாமல் போட்டானா, தெரிந்தே போட்டானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வெல்லம்பிட்டி:
2016 மே வெள்ளம். களனி ஆறு எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. படகில் வந்த ஆமிக்காரர்கள் பக்கத்து வீட்டு உம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் காணி உறுதிப் பெட்டி இல்லாமல் வரமாட்டேன் என்று ஒரே பிடி. ஒருவன் நெஞ்சளவு தண்ணீரில் திரும்பிப் போய்த் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். யாரோ எடுத்த படம் அன்றிரவே பரவியது. "இவர்களையா குறை சொல்கிறீர்கள்" என்று பாதிப்பேர், "கமராவுக்கு நடிப்பு" என்று மீதிப்பேர். உம்மாவின் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளவத்தைக்காரி:
சின்னக்கிளி, அந்த மனுசனின் படத்தைப் பிறகாவது எடுத்தார்களா?

சின்னக்கிளி:
இல்லை அக்கா. நானும் சேர்ந்து ரிப்போர்ட் பண்ணினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இந்த மே மாதமும் அவர் செத்துத்தான் இருக்கிறார்.