கூத்து டிரஸ்டில் கூத்தாடிக்கு எத்தனை நாற்காலி?

திண்ணைவாசி:
செய்யாறு பக்கம் தெருக்கூத்துக்கென்று ஒரு டிரஸ்ட் இருக்கிறது. பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஞாயிறு பயிற்சி, வயதான கலைஞர்களுக்கு மருந்துச் செலவு, வருடத்துக்கு ஒரு விழா. நல்ல வேலைதான். போன மாதம் விழா அழைப்பிதழின் பின்பக்கம் அறங்காவலர்கள் பட்டியல் பார்த்தேன். ஏழு பேர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஆடிட்டர், டாக்டர், பேராசிரியர், அரிசி மில்காரர், அமெரிக்காவில் இருக்கும் ஒருவர். கடைசியில் ஒரே ஒரு கூத்து வாத்தியார்.

இவர்கள் சேர்ந்து, விடிய விடிய ஆட வேண்டிய கர்ண மோட்சத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். பணம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். கர்ணன் முகத்தில் அரிதாரம் போட்டு, தோளில் கட்டும் மர அணியான புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் என்று கட்டி முடிப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரையை விலக்கிக் காட்டி மறைத்து, அப்புறம்தான் ஆள் வெளியே வருவார். அந்த வரவையே வெட்டிவிட்டார்கள். கூத்து தெரியாதவர்களுக்கு இந்த அதிகாரம் எதற்கு?

பேலன்ஸ்ஷீட்:
அறங்காவலர் வேலை ஆடுவது இல்லை தம்பி, காசுக்குக் காவல் இருப்பது. 2021-இலிருந்து வருமான வரித்துறையில் பழைய நிரந்தரப் பதிவுகள் எல்லாம் செல்லாமல் போய், எல்லா டிரஸ்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வந்தது. அதைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் அலைந்தார்கள் தெரியுமா? கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமானால் சிஎஸ்ஆர்-1 படிவம். வருமானத்தில் 85 சதவீதம் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும், இல்லையென்றால் விளக்கம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் வந்து பார்ப்பானா?

மிருதங்கக்காரர் மகன்:
ஐயா, கட்டியங்காரனைத் தொட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். என் அப்பா ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முப்பது வருடம் மிருதங்கம். விடிந்ததும் ஊர் கொடுத்த பணத்தைத் துண்டில் கொட்டி எல்லார் கண்ணெதிரிலும்தான் பிரிப்பார்கள். ஆளுக்குப் பங்கு, வண்டிக்குத் தனி, உடுப்புக்கும் கட்டை அணிகளுக்கும் தனி, அன்றைக்குத்தான் முதல் வேஷம் கட்டிய பையனுக்கு அரைப் பங்கு. எந்த ஆடிட்டர் அத்தனை பேர் முன்னால் கணக்கு காட்டுகிறார்? தெருக்கூத்தையே கட்டைக்கூத்து என்றும் சொல்வோம்; காஞ்சிபுரம் பக்கம் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியதில் கூத்துக்காரர்கள்தான் முன்னே நின்றார்கள். 2002-இலிருந்து 2020 வரை குருகுலமே நடத்தினார்கள். எங்களுக்கு நிர்வாகம் வராது என்று யார் சொன்னது?

பேலன்ஸ்ஷீட்:
சொன்ன விதம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது சங்கம். அது 1975-ஆம் வருடச் சட்டத்தில் வருவது. உறுப்பினர்கள் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், மறுபடி தேர்ந்தெடுக்காமல் மூன்று வருடத்துக்கு மேல் ஒரு குழு உட்கார முடியாது. டிரஸ்ட் அப்படி இல்லை. தொடங்கும்போது எழுதிய டிரஸ்ட் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆயுள் அறங்காவலர் என்று எழுதியிருந்தால் ஆயுள்தான்.

வேலூர் வக்கீல்:
அது சரி. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகளைக் கேள்வி கேட்க ஓர் ஆணையர் உண்டு. இங்கே கோயில் என்றால் அறநிலையத் துறை இருக்கிறது. கூத்து டிரஸ்டுக்கு அப்படி யாரும் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவில், அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். தீர்ப்பு வருவதற்குள் பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும். முதலில் பத்திரத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் பாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

வெளிநாட்டுக்காரன்:
படித்தவர்களும் பிரபலங்களும் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். லண்டனில் கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம் 2015 ஆகஸ்டில் இழுத்து மூடப்பட்டது. அதன் அறங்காவலர் குழுத் தலைவர் பிபிசியின் பெரிய ஆள், பத்து வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். அந்த அறங்காவலர்கள் இனி கம்பெனி இயக்குநர்களாக இருக்கத் தடை கேட்ட வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது உண்மை. ஆனால் மறு வருடம் அந்த ஊர் அறக்கட்டளை ஆணையம் நிர்வாகக் குறைபாடு இருந்தது என்றே சொன்னது. நல்லவர்கள்தான், ஆனால் போதிய கையிருப்பு இல்லாமல் ஓட்டினார்கள்.

திண்ணைவாசி:
வக்கீல் அம்மா சொன்னபடி வாத்தியார் வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டியில், கூத்துக்கு ஊதும் முகவீணைக்குப் பக்கத்தில், பத்திர ஜெராக்ஸ் வைத்திருந்தார். தீர்மானப் புத்தகத்தின் நகலும் இருந்தது. போன வருடம் ஒன்பது கூட்டம். வாத்தியார் கையெழுத்து இரண்டில். மற்றதில் "வரவில்லை". ஏன் போகவில்லை என்று கேட்டேன். எல்லாக் கூட்டமும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் சனி ராத்திரி அவர் எங்காவது பாரதக் கூத்தில் நிற்பார். விடிந்து, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, பஸ் பிடித்து வீடு சேரவே பத்து ஆகிவிடும். பயிற்சி வகுப்பையே அவருக்காகச் சாயங்காலம் வைத்திருக்கிறார்கள், கூட்டத்தை வைக்கவில்லை.

இன்னொன்று. பத்திரத்தில் ஒரு ஷரத்து: அறங்காவலர் எவரும் டிரஸ்டிலிருந்து எந்த வகையிலும் பணம் பெறக் கூடாது. முன்பு வகுப்பெடுக்க அவருக்கு வாரம் ஐந்நூறு ரூபாய் வந்துகொண்டிருந்ததாம். "போர்டுல பேரு போட்ட வாரத்தோட அது நின்னுபோச்சுப்பா" என்றார். வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு கலைஞர்களைச் சேரக் கேட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள். கலைஞர்களைக் கேட்கவே இல்லை என்று நினைத்துத்தான் முதலில் அப்படி எழுதினேன். அது என் தப்பு.

மிருதங்கக்காரர் மகன்:
பேங்க்காரருக்குப் பென்ஷன் வருகிறது, டாக்டருக்குக் கிளினிக். சேவை செய்ய வசதி இருக்கிறது. எங்கள் வாத்தியாருக்கு அந்த ஐந்நூறுதான் வாரத்து மளிகை.

பேலன்ஸ்ஷீட்:
இது எனக்கே சங்கடமாக இருக்கிறது. வருமான வரிச் சட்டம் அறங்காவலருக்கு ஒரு ரூபாயும் கூடாது என்று சொல்லவில்லை. செய்த வேலைக்கு நியாயமான கூலி தரலாம், அதிகம் தந்தால்தான் வம்பு. இங்கே தடுப்பது பத்திரம். ஆனால் அந்த ஷரத்தை எழுதியவரைத் திட்டாதீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு டிரஸ்டில் நிறுவனரின் மச்சான் வேன் ஒன்றை வாங்கி, அதையே மாத வாடகைக்கு டிரஸ்டுக்கு விட்டிருந்தார். ஓடாத மாதத்துக்கும் வாடகை. அப்படிப்பட்ட ஆளைப் பார்த்தவர்தான் இப்படி எழுதுவார்.

வேலூர் வக்கீல்:
மச்சானுக்குப் போட்ட பூட்டில் வாத்தியார் மாட்டிக்கொண்டார். பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் அதிலேயே இருந்தால் துணைப் பத்திரம் எழுதிப் பதியலாம். கூலி பற்றிப் பேசும்போது சம்பந்தப்பட்டவர் வெளியே போய்விட வேண்டும், போனார் என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுத வேண்டும். வரித்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

மிருதங்கக்காரர் மகன்:
இரண்டு கலைஞர்களாவது கூட வர வேண்டும். ஒருத்தரை மட்டும் உட்கார வைத்தால் அது அழைப்பிதழுக்கு வைத்த பொட்டு.

பேலன்ஸ்ஷீட்:
மூன்று பேர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், இரண்டும் ஒரே ஜமாவாக இருக்கக் கூடாது. திண்ணைவாசி, முதலில் கூட்டத்தைப் புதன் சாயங்காலம் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்குப் பத்திரம் திருத்த வேண்டியதில்லை, செலவும் இல்லை. ஒன்றரை மணி நேர விஷயத்தை அப்புறம் பேசலாம்.

மிருதங்கக்காரர் மகன்:
அப்புறம் இல்லை ஐயா. புதன்கிழமைக் கூட்டத்தில் முதல் பேச்சே அதுதான்.