புதுப்பிப்பு: அக்கா பெண்களுக்கான சிகிச்சையில் சேர்ந்துவிட்டார்

குடியிலிருந்து மீள அக்காவுக்குப் பொது மையம் நல்லதா, பெண்களுக்கென நடத்தப்படும் மையமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதில் சேர்ந்துவிட்டார். கைக்குழந்தையையும் உடன் வைத்துக்கொள்ள அங்கே இடம் இருந்தது. அது இல்லையென்றால் அவர் சம்மதித்திருக்கவே மாட்டார்.

மருத்துவர் சொன்னது எனக்குப் பெரிய தெளிவு. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மதுவின் செறிவு கூடுகிறது. குடிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே பலர் அடிமைநிலைக்கு வந்துவிடுகிறார்கள். அக்காவின் குணத்தைக் குறைசொன்ன உறவினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

கணவர் அடித்ததைப் பற்றி அக்கா முதன்முறையாகக் குழு அமர்வில் பேசினாராம். ஆண்கள் இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றார். அந்த மனக்காயத்துக்கும் குடிக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம்.

போதைப் பழக்கமுள்ள கர்ப்பிணித் தோழிக்காக இங்கே விசாரித்தவருக்கு: ஓபியாய்டு (ஹெராயின், சில வலுவான வலிநிவாரணிகள் போன்றவை) பழக்கம் என்றால் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன் அல்லது புப்ரினார்பின் என்ற மாற்று மருந்தைத் தருவதே பரிந்துரைக்கப்படும் வழி. தயவுசெய்து தோழியை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பியபின் அக்காவுக்குத் தொடர் ஆலோசனை கிடைக்கவும் இப்போதே ஏற்பாடாகிவிட்டது.