அக்கா மகனின் விமான விபத்து: புதுப்பிப்பு

ஃபுளோரிடாவில் பைலட் பயிற்சியில் இருக்கும் அக்கா மகன் தனியாக ஓட்டிப்போன லைட் ஸ்போர்ட் விமானம் (எடை குறைந்த சிறிய ரகம்), தரையிறங்கும்போது முன்சக்கரம் முறிந்து ரன்வேயில் சரிந்ததை எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு உதட்டில் தையல், அவ்வளவுதான்.

நடந்தது இது: முதலில் தரையில் பட்டதும் விமானம் எகிறியிருக்கிறது. இவன் பதறி விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்க, அடுத்த முறை முன்சக்கரமே முதலில் மோதியது. மூன்றாவது துள்ளலில் போயே போச்சு. முதல் துள்ளலிலேயே முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து மேலேறி, ஒரு சுற்று வந்து இறங்கியிருக்கலாம். 2004-இல் வந்த விதிப்படி, 2025-இல் அது மாறும்வரை, தரையில் இறங்கும் இந்த ரக விமானத்தின் எடை வரம்பே 600 கிலோவாகத்தான் இருந்தது. சின்னக் காற்றுக்கும் ஆடும். த்ராட்டிலைக் குறைத்தால் வேகம் சட்டென்று வடிந்துவிடும்.

என்டிஎஸ்பி (அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) விசாரிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சக்கரமும் ப்ரொப்பெல்லரும் மட்டும் சேதமாகியிருந்தால் அவர்கள் விதியில் இது விபத்தாகவே சேராது. (எனக்கே வியப்பாகத்தான் இருந்தது!) இங்கே எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடும் நெளிந்துவிட்டதால் தகவல் போய்விட்டது. இறுதி அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அக்கா இனி பறக்கவே கூடாது என்கிறாள். அவனோ பயிற்றுநரோடு மறுபடி தரையிறக்கம் பழக நாள் குறித்துவிட்டான். மாமா இன்னும் வாயே திறக்கவில்லை.