அப்பாவோடு மார்கரெட் ரிவர் போய் வந்தேன்

வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டம் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போனது மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் என்ற ஒயின் திராட்சை வட்டாரம். தங்கை பெர்த்தில் இருக்கிறாள், அங்கிருந்து தெற்கே காரில் 3 மணி நேரம். அப்பாவையும் கூட்டிப் போனேன். 71 வயது, கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் இன்றைக்கும் பன்னீர் திராட்சை போடுகிறவர். நான் வேலைக்கென்று மதுரைக்கு வந்துவிட்டாலும், விடிவதற்குள் மாட்டுத்தாவணிச் சந்தையில் பழப் பெட்டி இறக்க அவரோடு வண்டியில் உட்கார்ந்து வந்தவன்தான், அதனால் இதை வெறும் ஊர் சுற்றலாக நினைக்க முடியவில்லை.

பிப்ரவரி கடைசி, பழம் பறிக்கிற சமயம். நம் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் நடப்போம், கொத்து தலைக்கு மேலே தொங்கும். அங்கே பந்தலே கிடையாது. வரிசையாகக் கம்பி கட்டிக் கொடியை நிமிர்த்தி ஏற்றியிருக்கிறார்கள், பழம் இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. அங்கே வேலை பார்த்த ஒருவர் கேபர்நே சாவிஞான் என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் கொத்து ஒன்றை வெட்டி அப்பா கையில் கொடுத்தார். நம் பழத்தில் பாதி அளவுகூட இல்லை. அப்பா ஒன்றை மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "தோலும் விதையுமால்ல இருக்கு" என்றார். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில் இருந்துதான் வருகிறது, தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பார்கள் என்று கொத்து கொடுத்தவர் சொல்ல, தங்கை தமிழில் எடுத்துச் சொன்னாள். குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், கவாத்து (கொடியை வெட்டி விடுவது) அப்போதுதான் என்றதும் அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏய்யா, வருசத்துக்கு ஒரே வெள்ளாமைய வச்சு எப்புடிக் கட்டுபடியாகும்?"

அவர் அதிக நேரம் நின்றது வலைக்குப் பக்கத்தில். கொடி வரிசைகளை வெள்ளை வலையால் மூடியிருந்தார்கள். சில்வர் ஐ என்று ஒரு சின்னக் குருவி, நம்மூர் வெள்ளைக்கண்ணியின் இனம், பழத்தைக் குத்திவிடுமாம். மர்ரி என்ற மரம் (தைல மரத்துக்கு உறவு) நன்றாகப் பூத்த வருஷம் குருவியெல்லாம் தேனுக்கு அங்கே போய்விடும், பூ ஏமாற்றினால் மொத்தமும் தோட்டத்துக்கு வந்துவிடும். அதனால் பழம் பழுக்கிற நேரத்தில் விவசாயிகள் மர்ரிப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1967இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் அங்கே வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு குருவியை விரட்ட ஒரு வல்லூறைப் பழக்கிப் பறக்க விட்டாராம், அது திரும்பியே வரவில்லை. இன்றைக்கும் அவர்கள் சின்னத்தில் அந்தப் பறவை இருக்கிறது. அப்பா இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கிளிக்கும் மைனாவுக்கும் தகர டப்பா தட்டியே காலம் போனவர்.

ஒயின் நான் மட்டும் ருசி பார்த்தேன், தங்கைதான் வண்டி ஓட்டினாள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் வந்தாலே அங்கே குற்றம், ஓட்டுகிறவர் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

அப்புறம் கடல். தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மணலும் புதரும் தாண்டிப் பாறைக்கரை வந்துவிடுகிறது. கனால் ராக்ஸ் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே நீளநீளமாகப் பிளவு, அதற்குள் கடல் வெள்ளை வெள்ளையாக ஏறி இறங்குகிறது. ராமேஸ்வரம் கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த இரைச்சலே பயமாக இருக்கும். அமைதியாக இருக்கிற கடலில் திடீரென்று ஒரு பெரிய அலை எழும்பி ஆளை இழுத்துவிடும், எச்சரிக்கைப் பலகையை உண்மையாகவே மதியுங்கள். நாங்கள் பாலத்திலேயே நின்றோம், அப்படியும் சாரல் அடித்து அப்பா வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. தெற்கு முனையில் கேப் லூவின் கலங்கரை விளக்கம், 1896இல் திறந்தது. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சேர்கிற இடம் என்கிறார்கள். காற்று நிற்க விடாது.

போகிறவர்களுக்கு ஒன்று: பழம், விதை, நாற்று எது வைத்திருந்தாலும் விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரொம்பக் கண்டிப்பு.

ஊர் திரும்பியதிலிருந்து அப்பா வலையைப் பற்றித்தான் பேசுகிறார். மதுரைக் கடைகளில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பம் பக்கம் பந்தலுக்கு வலை போட்டவர்கள் யாராவது இருந்தால், மேலே விரித்தீர்களா, சுற்றிக் கட்டினீர்களா என்று சொல்லுங்கள்.