மழை விடவில்லை, தரை காயவில்லை, பன்றிக்குட்டிகள் நடுங்குகின்றன: உதவுங்கள்

சேரம்பாடி பண்ணை:
வணக்கம். கேரள எல்லையை ஒட்டிச் சின்ன வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். தகரக் கூரை, சிமெண்ட் தரை, இடுப்பளவு சுவர். மழை பிடித்ததிலிருந்து வயநாட்டுப் பக்கக் காற்றோடு சாரல் உள்ளே அடிக்கிறது. முந்தாநாள் தாய்ப்பன்றி 11 குட்டி போட்டது. இரண்டு தாய்க்கு அடியில் நசுங்கிச் செத்துவிட்டன. மற்றவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன. கூரையில் 100 வாட் குண்டு பல்பு தொங்குகிறது. சுற்றிலும் தார்ப்பாய் கட்டி முழுக்க அடைத்துவிடலாமா? அப்பா கரி அடுப்பு வைக்கச் சொல்கிறார். மனசு கேட்கவில்லை, யாராவது சொல்லுங்கள்.

எருமாடு வளர்ப்பாளர்:
தம்பி, கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அடைத்த கொட்டகையில் அந்தப் புகை தாயையும் குட்டியையும் சேர்த்தே கொன்றுவிடும். தார்ப்பாயை மழை அடிக்கும் பக்கம் மட்டும், தரையிலிருந்து கட்டுங்கள். மேலே கூரையை ஒட்டி ஓர் அடியாவது திறந்திருக்கட்டும். முழுக்க அடைத்தால் மூத்திர நெடி தேங்கி இருமல் வரும். தகரத்தில் வேர்த்து அந்தத் தண்ணீரும் முதுகில்தான் சொட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
குட்டிகள் குவிந்து கிடப்பது குளிரால்தான். பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் சில நாள் அதற்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். தாய்க்கோ 20 டிகிரியே சுகம். அதனால் கொட்டகை முழுவதையும் சூடாக்கினால் தாய் தீனி எடுக்காது, பாலும் குறையும். குட்டிக்குத் தனி அறை தேவை.

4 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு மரப்பெட்டியை மூலையில் வையுங்கள். மேலே மூடி, குட்டி மட்டும் நுழையும் வாசல், அதில் சாக்குத் திரை. பல்பைப் பெட்டிக்குள் இறக்கிக் குட்டிகளுக்கு ஒன்றரை அடி மேலே, கம்பிக் கூண்டு போட்டுச் சங்கிலியில் கட்டுங்கள். வைக்கோல் தீப்பிடிக்கக் கூடாது, கவனம். கூரையில் தொங்கும் பல்பின் சூடு கீழே வந்து சேராது.

நசுங்குவதற்கும் குளிர் ஒரு முக்கியக் காரணம். குளிர்ந்த குட்டி சூடு தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டும், சுறுசுறுப்பாக நகராது. சீம்பாலும் சரியாகக் குடிக்காது. சுவரிலிருந்து 8 முதல் 10 அங்குலம் தள்ளி, தரையிலிருந்தும் அதே உயரத்தில் ஒரு குழாய்த் தடுப்பு போட்டால் தாய் சாயும்போது ஒதுங்க இடம் கிடைக்கும்.

எருமாடு வளர்ப்பாளர்:
சார் சொன்னது சரி. ஆனால் ஈரம் போகாமல் எந்தப் பல்பும் உதவாது. ஈரச் சிமெண்ட் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குட்டி இருக்கும் அறையில் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள் தம்பி. சாணியை வழித்தெடுத்துத் துடைத்துவிட்டு, மரச்சீவலோ வைக்கோலோ கனமாகப் போடுங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோல் கூடாது. வேறு பன்றிப் பண்ணையிலிருந்து சாக்கு, படுக்கை எதுவும் வாங்க வேண்டாம். 2022-ல் வயநாட்டிலும், 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்ற கொடிய தொற்றுநோய் வந்ததை மறக்கக் கூடாது.

இன்னொன்று. பன்றி அழுக்குப் பிராணி என்பது வெறும் பேச்சு. இடம் கொடுத்தால் அது படுக்கிற இடத்தில் கழியாது. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது?

சேரம்பாடி பண்ணை:
படுக்கும் பக்கத்துச் சுவரில்தான் அண்ணா.

எருமாடு வளர்ப்பாளர்:
அதைச் சாக்கடைப் பக்கம் மாற்றுங்கள். ஈரமான, காற்றடிக்கும் மூலையில்தான் அது கழியும். மழை முடிந்ததும் தரையை 10 அடிக்கு 3 அங்குலமாவது சரிவாகப் பூசிவிடுங்கள்.

சேரம்பாடி பண்ணை:
பெட்டி வைத்துவிட்டேன். குட்டிகள் உள்ளே போய்ப் பரவிப் படுக்கின்றன. ரொம்ப நன்றி சார், அண்ணா. பல்பை எப்போது எடுக்கலாம்? மரம் விழுந்து கரண்ட் போனால் என்ன செய்ய?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
வாரத்துக்கு 2 டிகிரி வீதம் குறைத்தால் போதும், சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். விளக்கை விட்டு ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம், அதன் கீழே குவிந்தால் போதவில்லை. கரண்ட் போனால் பெட்டியில் உலர்ந்த வைக்கோலை அரை அடி கனத்துக்குப் போட்டு, மூடியையும் திரையையும் இறக்கிவிடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்து, ஆறினதும் மாற்றுங்கள்.