ஹைபிரிட்டில் பிரேக் பம்ப் ஓயாமல் ஓடுது, காலையில் ரெடி விளக்கும் வரேல்லை: இரண்டும் ஒரே கோளாறா?

வணக்கம். ஜப்பான் இறக்குமதி, 2012, 1.8 லீற்றர் ஹைபிரிட். சாரதிக் கதவைத் திறந்ததும் பிரேக் பம்ப் சில செக்கன் உறுமுவது வழமைதான். இதிலோ பெடலைத் தொடாமலே 10-15 செக்கனுக்கு ஒருமுறை ஓடுது. ஸ்கேனில் சி1391, அதாவது அக்குமுலேட்டர் (பம்ப் ஏற்றும் பிரேக் அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்) அழுத்தம் கசிகிறது. பிரேக் ஒயில் மட்டம் இறங்கவில்லை, நாலு சில்லிலும் ஈரமில்லை. அப்போ அக்சுவேட்டருக்குள்ளேயே (பிரேக் அழுத்தத்தை வால்வுகளால் கட்டுப்படுத்தும் பாகம்) வால்வு கசிந்து ஒயில் திரும்ப ரிசர்வருக்குப் போகுது என்பது என் கணிப்பு.

இனி ஸ்டார்ட் பிரச்சினை: கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு காலையில் வருவதில்லை. இரவு நின்ற பிறகு 12 வோல்ட் பற்றரி 11.6. ஜம்ப் கேபிள் கொடுத்தால் உடனே ரெடி, பிறகு 14.2 வோல்ட் வருது, ஆகவே பெரிய ஹைபிரிட் பற்றரியிலிருந்து இதைச் சார்ஜ் பண்ணும் கன்வேர்ட்டர் சரி. பெடலை மிதித்தால் பிரேக் லைட் எரியுது, சுவிட்சும் சரி. இந்தப் பற்றரி எஞ்சினைச் சுழற்றுவதில்லை, கம்பியூட்டர்களை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேயை மூடினால் போதும். அதற்கே முடியவில்லை என்றால் பம்ப் இழுக்கும்போது வோல்ட் விழுகிறதா, பற்றரியே முடிஞ்சுதா?

பம்ப் ஃபியூஸைக் கழற்றியும் போட்டும், கார் பூட்டி அரை மணித்தியாலம் கழித்து மில்லிஅம்பியர் அளந்தவர்கள் உண்டா? அக்சுவேட்டர் மாற்றினால் பிரேக் லைனில் எயார் எடுக்க ஸ்கேனர் கட்டாயம். யாழ்ப்பாணப் பக்கம் அந்த வசதியுள்ள கராஜ் எது? பழைய பாகம் போட்டவர்களுக்கு எவ்வளவு காலம் நின்றது?

பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு ஓடு என்று மட்டும் சொல்லாதீங்கோ. அழுத்தம் போனால் பெடல் கல்லாகும், கார் லேசில் நிற்காது.